லேகியம் எந்தக் கட்டத்தில்?

14.6.2021 – கெட்டித் தயிர் – 30 விநாடி – விழவில்லை.
15.6.2021 – அதே தயிர், கரண்டி பட்ட பின் – 4 விநாடி.
2.9.2021 – வெண்ணெய், காலை – 30 விநாடி – விழவில்லை.
2.9.2021 – அதே வெண்ணெய், மதியம், அடுப்படி ஜன்னலோரம் – 17 விநாடி.
19.1.2022 – சர்க்கரைப் பொங்கல், மூன்று நாள் பழையது – டம்ளரை விட்டே வரவில்லை.
6.5.2022 – நுங்கு, இளசு – 1 விநாடி – முழுதாக விழுந்தது. உள்ளே தண்ணீர்.
27.11.2023 – மைதாப் பசை – 22 விநாடி.
10.3.2024 வரை மொத்தம் 412. திடம் 231. திரவம் 148. வாயு 0. நிலுவை 33.

பயப்பட வேண்டாம், வாசகரே. இது எந்த ஆய்வுக்கூடத்தின் அறிக்கையும் அல்ல. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டு அடுப்படி அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் புளிப்பானைக்கும் நடுவே செருகி வைத்திருக்கும் நீள நோட்டிலிருந்து எடுத்த சில வரிகள். இதை எழுதியவர் தனி இனம். அந்த இனத்துக்குக் ‘கட்டம் போடுகிறவர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெயர் வைக்காமல் விட்டால் அவருக்கே தூக்கம் வராது.

கட்டம் போடுகிறவரை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் இலையில் பாயசம் விழுந்ததும், ஊரே அவசர அவசரமாக அதற்குச் சோற்றால் அணை கட்டிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். அது பக்கத்து இலைக்காரரின் பட்டுவேட்டியில் போய்ச் சேர்ந்ததும், “திரவம்” என்று மனநிறைவோடு தலையாட்டுவார். ஐஸ்கிரீமை வாங்கி உருகவிட்டுப் பார்ப்பார். எதிர்வீட்டுக் குழந்தை வைத்து விளையாடும் கொழகொழவென்ற ஸ்லைமை இரவல் வாங்கிப்போய், குழந்தை அழுது ஓய்ந்து வேறு விளையாட்டுக்குப் போன பிறகு, மூன்றாம் நாள் கொண்டுவந்து, “இன்னும் முடிவாகலை” என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். உலகத்தில் உள்ளது எதுவாயிருந்தாலும் அதற்கு ஒரு கட்டம் உண்டு. கட்டம் கிடைக்காத பொருள் இருந்தால் அது பொருளின் குற்றம். இதுதான் அவருடைய மதம்.

நம் ஊர்க் கட்டம் போடுகிறவரின் பெயர் அமிர்தலிங்கம். வயது எழுபத்திரண்டு. வாய்க்கால் தலைப்பு மதகில் லஸ்கராக முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை மதகுச் சுவரில் வரைந்திருக்கும் அளவுகோலில் ஆற்றின் மட்டத்தைப் பார்த்து நோட்டில் ஏற்றுவதுதான் வேலை. மொத்தம் 37,254 தடவை என்று மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள். லீவு போட்ட பதினொரு நாளுக்கு முப்பத்து மூன்றைக் கழித்து 37,221 என்று அவர் திருத்துவார். ஒரு முறை மதகைப் பார்வையிட வந்த மேலதிகாரி, “அரை அடி கூட்டிப் போட்டுக்கய்யா” என்றதற்கு, “ஆறு கூடட்டும், போட்டுக்கறேன்” என்று பதில் சொன்ன மனிதர். அப்படிப்பட்டவரை ஓய்வு பெற்றுவிட்டாய் போ என்று வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஆற்றுக்கு ஆன கதி அடுப்படிக்கு ஆகும். ஆயிற்று.

அவருடைய சோதனை எளிமையானது. எவர்சில்வர் டம்ளரில் பொருளை அரைப் பங்கு நிரப்ப வேண்டும். கவிழ்க்க வேண்டும். முப்பது எண்ண வேண்டும். அதற்குள் விழுந்தால் திரவம், விழாவிட்டால் திடம். ஏன் முப்பது? மதகில் அலை அடங்க அவர் காத்திருந்தது முப்பது விநாடி. அலைக்கு நியாயமானது அல்வாவுக்கும் நியாயம்தானே?

முதல் வாரத்திலேயே வெண்ணெய் உருண்டையாக விழுந்து விதியைக் கெடுத்தது. விழுவது வேறு, ஒழுகுவது வேறு என்று திருத்தம் ஒன்று வந்தது. சட்னி தண்ணீரை மட்டும் விட்டுவிட்டுத் தான் ஒட்டிக்கொண்டது, திருத்தம் இரண்டு. சாம்பாரில் முருங்கைக்காய் திடமாகவும் மற்றது திரவமாகவும் இருந்ததால், காயைத் தனியே பொறுக்கி வைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும் என்று திருத்தம் மூன்று. அன்றைக்கு மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு. இப்படிப் பதினான்கு திருத்தம்.

அவருடைய மனைவி ஆனந்தவல்லிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அந்த அம்மாளுக்குத் திடமும் தெரியாது திரவமும் தெரியாது; பதம்தான் தெரியும். கம்பிப் பதம், உருட்டுப் பதம், இட்லி மாவுப் பதம், தோசை மாவுப் பதம் என்று நூறு பதம் அந்த விரல் நுனியில் இருந்தது. ஒரு தடவை விருந்தாளிகள் கூடத்தில் இலை போட்டுக் காத்திருக்கையில், அமிர்தலிங்கம் கைக்கடிகாரத்தோடு தோசைக்கல் முன்னால் வந்து நின்றார்.

“ஊத்தும்போது திரவம். எடுக்கும்போது திடம். சரி. நடுவுல எந்த விநாடியில மாறுது?”

“ஏங்க, அது மாறுறப்ப எனக்குச் சொல்லிட்டா மாறுது? வாசனை வந்தா திருப்புவேன்.”

“வாசனையெல்லாம் அளவு இல்லை, வல்லி.”

“பின்ன என்ன, இப்ப கருகுதே, இது அளவா?”

கருகியதைத் திடம் என்று எழுதிக்கொண்டார்.

வீட்டோடு நின்றாரா? சம்பா நடவுக்கு ரெங்கசாமி தன் வயலைச் சேறடித்துக்கொண்டிருந்தபோது, வரப்பில் போய்க் குடையோடு நின்று, “ரெங்கசாமி, இந்தச் சேத்தை எதுல சேக்குறது?” என்று கேட்டார். ரெங்கசாமி தொடை வரை சேற்றில் நின்றவர். அவருக்கு இருந்த எரிச்சலுக்கு நியாயமான பதில்தான் சொன்னார்.

“காலை வச்சா தொடை வரைக்கும் உள்ள போவுது, அண்ணே. அப்ப அது தண்ணி. திரும்ப எடுத்தா செருப்பு வர மாட்டேங்குது. அப்ப அது கல்லு. எறங்கிப் பாத்து நீங்களே எழுதிக்கங்க.”

இறங்கினார். அந்தச் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. சேறு நிலுவையில் இருக்கிறது.

இதுவரைக்கும் யாருக்கும் நட்டமில்லை, வாசகரே. ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு தோசை, ஒரு குழந்தையின் மூன்று நாள். கட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அளவோடு நிற்பார்கள். யாருக்காவது உண்மையிலேயே ஏதாவது தேவைப்படும் அன்றைக்குத்தான் அவர்களுடைய முழு உருவமும் தெரியும்.

11.3.2024 அன்று, ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒரே மகள் வானதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் போய்க் கூட இருக்க வேண்டிய ஆனந்தவல்லியால் போக முடியவில்லை. விசாவுக்குக் கைரேகை வைக்கச் சொன்ன இடத்தில், நாற்பது வருஷம் நடவு நட்டுத் தேய்ந்த விரல்களில் ரேகை என்று ஒன்று இருப்பதாகவே மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். குழந்தை இன்னொரு நாள் வரவில்லை. சொன்ன நாளில் வந்துவிட்டது.

அந்த வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் ஆனால் நாற்பது நாள் லேகியம் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இன்னும் என்னென்னவோ இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் போட்டு, நெய் சேர்க்காமல் நல்லெண்ணெய் விட்டே கிண்டுவது அவர்கள் வழக்கம். விடியற்காலையில் ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நாற்பது நாளைக்குள் உள்ளே போனால்தான் அது மருந்து. அதற்குப் பிறகு வெறும் தின்பண்டம். “நடந்தா தலை சுத்துதும்மா. நீ கிண்டுற லேகியம் ஒரு வாய் கெடச்சா போதும்னு இருக்கு” என்று வானதி போனில் சொன்னபோது, ஆனந்தவல்லி போனை வைத்துவிட்டு நேரே நாட்டு மருந்துக் கடைக்குப் போனார். பதின்மூன்றாம் தேதி லேகியம் பாட்டிலில் இருந்தது. பதினான்காம் தேதி அதை அமிர்தலிங்கம் பாபநாசம் மெயின் ரோட்டில் இருக்கும் அன்சாரின் கூரியர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஆனந்தவல்லி தானே போயிருக்க வேண்டும். அது அந்த அம்மாள் செய்த ஒரே பிழை.

“உள்ள என்ன மாமா?” என்றான் அன்சார், படிவத்தைப் பிரித்துக்கொண்டே.

“லேகியம்.”

“ஸ்வீட்டுன்னு போட்டுரவா?”

“ஸ்வீட்டா? நாக்குல வச்சா காது அடைக்கும் தம்பி.”

“சரி, சாப்பாட்டுப் பொருள். திடம்னு டிக் அடிச்சிடறேன். இங்க ஒரு கையெழுத்து.”

“யார் சொன்னா திடம்னு?”

அன்சாரின் பேனா நின்றது. படிவத்தில் இரண்டே கட்டம். திடம், திரவம். கீழே, ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று ஒரு வரி. அந்த வரிக்குக் கீழே அமிர்தலிங்கத்தின் கையெழுத்து வர வேண்டும். ஆறு கூடாமல் அரை அடி கூட்டாத கை அது.

“மாமா, திரவம்னு போட்டா எடுக்க மாட்டான். திடம்னு போட்டா ஒரு வாரத்துல அக்கா கையில இருக்கும். எல்லாரும் ஊறுகாயையே திடம்னுதான் போடுறாங்க.”

“ஊறுகாய் நோட்டுல ரெண்டு எடத்துல இருக்கு. எண்ணெய் தனி, மாங்கா தனி.”

“அப்ப ரெண்டும் இல்லாம, கொழகொழன்னு இருக்குறதுக்குன்னு உங்க நோட்டுல ஒரு கட்டம் போட்டுக்கலாமே?”

“போடலாம். போட்டா எல்லாம் அங்கதான் வந்து ஒக்காரும். யாரும் எந்தப் பக்கம்னு சொல்ல வேண்டியதே இல்லையே. அப்புறம் நோட்டு எதுக்கு?” என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் முதல் அளவு தொடங்கியது. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. ஆறு நாள். பங்குனி வெயில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் கரண்டி போனால் நிற்கிற லேகியம் பகலில் எண்ணெய் கக்கிக்கொண்டு சாய்ந்த பக்கமெல்லாம் சாய்ந்தது. மாலையில் இரண்டுக்கும் நடுவே, முப்பதாவது விநாடியில், விழவா வேண்டாமா என்று டம்ளர் விளிம்பில் தொங்கிக்கொண்டு நின்றது. அமிர்தலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். கூடத்துச் சுவரில் இருந்த நாள்காட்டியில் ஆனந்தவல்லி வேறொரு கணக்கு எழுதி வந்தார். ஐந்து. ஆறு. ஏழு.

“புள்ளை பெத்தவ அங்க வெறும் வயித்தோட ஒக்காந்திருக்கா. நீங்க இங்க பாட்டிலைக் கவுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க.”

“பொய் எழுதி அனுப்பின மருந்து ஒடம்புல ஒட்டாது, வல்லி.”

“ஒட்டுதா ஒட்டலையான்னுதானே ஆறு நாளா பாக்குறீங்க!”

பதினெட்டு அளவில் திடம் 7, திரவம் 6, நிலுவை 5. இருபத்தோராம் தேதி, குழந்தை பிறந்து பதினோராம் நாள், அமிர்தலிங்கம் மறுபடி கடைக்குப் போனார். படிவத்தின் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டார். எதிரே ‘இணைப்புக் காண்க, ஆங்கிலத்தில் நான்கு பக்கம்’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். அன்சார் அந்த நான்கு பக்கத்தையும், அவரையும், வெளியே ரோட்டையும் பார்த்தான். அவர் வாசல் வரை போகட்டும், இணைப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திடம் என்று டிக் அடிக்கலாம் என்று நினைத்திருந்தான். அமிர்தலிங்கம் வாசலுக்குப் போகவில்லை. பார்சல் ஒட்டப்பட்டு, வண்டியில் ஏறும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

பார்சல் ஜெர்மனி போய்ச் சேர்ந்தது. வானதி வீட்டுக்குப் போகவில்லை. கூரியர் கம்பெனியின் கிடங்கில் ஆய்வுப் பிரிவு என்று ஒன்று நிறுத்தி வைத்தது. ஏப்ரல் நான்காம் தேதி, இருபத்தைந்தாம் நாள், அங்கிருந்து அமிர்தலிங்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் இணைப்பைக் கவனமாகப் படித்தோம். 17.3.2024 மாலை அளவின்போது அறையின் வெப்பநிலை குறிப்பிடப்படவில்லை. தெரிவிக்கவும்.’

இன்னொருவருக்கு இது தலைவலி. அமிர்தலிங்கத்துக்கோ கண் கலங்கியது. முப்பத்து நான்கு வருஷம் மதகில் எழுதிய நோட்டுகளை எந்த அதிகாரியாவது பிரித்துப் பார்த்திருப்பாரா? இங்கே ஒருத்தன், கண்காணாத தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, பதினெட்டு அளவையும் படித்துப் பார்த்து, ஒன்பதாவதில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறான்!

“வல்லி, இங்க பாரு. படிச்சிருக்கான்!”

“லேகியம் எங்க?”

“அது அவன்கிட்ட பத்திரமா இருக்கு. கேள்விய பாரு, எவ்வளவு நேர்த்தியா கேட்டிருக்கான்!”

ஆனந்தவல்லி கேள்வியைப் பார்க்கவில்லை. நாள்காட்டியைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, அன்சார் கடைக்குப் போய் நின்றார்.

“அன்சாரு, அந்தப் பக்கம் போறவங்க யாராவது இருக்காங்களாப்பா?”

“எங்க பர்வின் அக்கா அங்கதானே நர்ஸா இருக்கு, அத்தை. நோம்புக்கு வந்திருக்கு. பெருநாள் முடிஞ்சு மறுநாள் கெளம்புது. எனக்கு இது முதல்லயே தோணியிருக்கணும்.”

“மாமா பக்கத்துல ஒக்காந்திருந்தா ஒனக்கு எப்படித் தோணும்?”

அடுத்த லேகியம் ஆனந்தவல்லி வீட்டு அடுப்பில் ஏறவில்லை. அங்கே வாசனை வந்தால் டம்ளர் வரும். அன்சார் வீட்டு அடுப்படியில், பர்வின் ஓமம் இடித்துக் கொடுக்க, ஆனந்தவல்லி கிண்டினார். பாட்டில் பதத்தில் இறக்கவில்லை. இன்னும் கிண்டினார். கை கடுக்கக் கடுக்க, சட்டியை விட்டு மொத்தமாகத் திரண்டு வரும்வரை கிண்டி, எண்ணெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டி, ஆறவிட்டு, கத்தியால் துண்டு போட்டார்.

“அத்தை, ஏர்போர்ட்ல இது என்னன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

“கேக்குறவன் கையில ஒரு துண்டு குடும்மா. என்னன்னு அவனே சொல்லுவான்.”

பர்வின் பன்னிரண்டாம் தேதி கிளம்பினாள். பதினான்காம் தேதி, முப்பத்தைந்தாம் நாள், வானதியின் வீட்டுக் கதவைத் தட்டி டப்பாவைக் கையில் கொடுத்தாள். அதே நாள் சாயங்காலம் வானதி வீடியோவில் வந்தபோது, மடியில் குழந்தை, ஒரு பக்கக் கன்னம் உப்பலாக இருந்தது.

“வாயில என்ன?” என்றார் அமிர்தலிங்கம்.

“லேகியம்ப்பா.”

“நம்ம பார்சல் வந்திருச்சா? எங்கிட்ட முடிவு சொல்லாம எப்படி விட்டான்?”

“அது வரலைப்பா. பர்வின் அக்கா கொண்டாந்து குடுத்தாங்க.”

அமிர்தலிங்கம் மனைவி பக்கம் திரும்பினார். நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த அம்மாள் அவருக்குத் தெரியாமல் ஒரு பொருளைத் தேசம் கடத்தியிருக்கிறார். ஒரு கணவன் என்ன கேட்க வேண்டும்? ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். என்மேல் இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். அவர் கேட்டது வேறு.

“அந்தப் பொண்ணு அதை எந்தக் கட்டத்துல போட்டுச்சு?”

“பொட்டியில போட்டுச்சு” என்றார் ஆனந்தவல்லி.

அவர் எழுந்து போய் நோட்டை எடுத்துவந்தார். வீடியோவில் இருந்த மகளிடமே விசாரணையைத் தொடர்ந்தார். கடித்தால் முறிகிறதா, இழுபடுகிறதா? விரலில் ஒட்டுகிறதா? வானதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணிலும் ஏதோ வந்தது.

“அதெல்லாம் தெரியலப்பா. டப்பாவத் தெறந்தேன், ரூம் பூரா நம்ம வீட்டு வாசனை. இங்க வந்து நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் நல்லா மூச்சு விட்டேன். எழுதுறதா இருந்தா அதை எழுதிக்கங்க.”

அமிர்தலிங்கம் பேனாவைத் திறந்தார். இத்தனை வருஷமாகச் சைபராகவே கிடந்த மூன்றாவது கட்டத்தில், நடுங்காத எழுத்தில், ‘14.4.2024 – லேகியம் (துண்டு) – அறை முழுவதும் பரவியது – வாயு 1’ என்று எழுதினார். அதை ஆனந்தவல்லியிடம் காட்டவில்லை. காட்டாவிட்டால் என்ன? அலமாரியைத் துடைப்பது யார்?

வானதி தேறினாள். தலைசுற்றல் போயிற்று. நாற்பதாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூங்காவில் நடந்து படம் அனுப்பினாள். அங்கே முடித்திருக்கலாம். ஆனால் கட்டம் போடுகிறவருக்குத் தேவை முடிந்தாலும் கேள்வி முடியாதே? கிடங்கில் இருந்த பாட்டிலைப் பற்றிக் கடிதங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. பாட்டில் எந்தக் கோணத்தில் கவிழ்க்கப்பட்டது என்று ஜூனில் கேட்டார்கள். படம் வரைந்து அனுப்பினார். கிடங்கில் நான்கு டிகிரிக் குளிரில் முப்பது நிமிடம் ஆகியும் விழவில்லை என்று ஆகஸ்டில் எழுதினார்கள். குளிரில் யார்தான் அசைவார்கள், முப்பத்தாறு டிகிரியில் வைத்துப் பாருங்கள் என்று பதில் போட்டார். ‘ஐயா’ என்று தொடங்கிய கடிதம் ‘மதிப்பிற்குரிய நண்பருக்கு’ என்று மாறியது. அந்தப் பக்கத்தில் எழுதுகிறவர் ஓய்வு பெற ஓராண்டே இருக்கும் ஆய்வாளர் என்றும், வீட்டில் அவரும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார் என்றும் அக்டோபரில் தெரிந்தது. கடல் தாண்டி ஓர் இனம் தன் இனத்தைக் கண்டுகொண்டது.

கடைசியாக ஒரு கடிதம் வந்தது. அது சிறியது. பாட்டிலை ஒவ்வொரு முறை கவிழ்த்தபோதும் மூடியில் ஒட்டிய பகுதியைத் துணியால் துடைத்தால் எடை குறைந்துவிடும் என்பதால், அது நாக்கினால் அகற்றப்பட்டது. சோதனைகள் மொத்தம் 126. இன்றைய நிலவரப்படி பாட்டில் காலி. ஆகவே இது திடமா திரவமா என்று முடிவு செய்ய இயலவில்லை, வருந்துகிறோம். தவிர, ஆய்வாளருக்குக் குளிர்காலத்தில் தவறாமல் வரும் முதுகுவலி இந்த ஆண்டு வரவில்லை. இன்னொரு பாட்டில் அனுப்ப முடியுமா? இந்த முறை தாமதத்தைத் தவிர்க்க, இணைப்பு எதுவும் இல்லாமல் திடம் என்று மட்டும் குறித்தால் போதும்.

அமிர்தலிங்கம் படித்துக் காட்டியதும் ஆனந்தவல்லி மார்பில் அடித்துக்கொண்டார்.

“படுபாவி! எம் பொண்ணுக்கு வச்சதை மூடியோட நக்கிட்டானே!” சற்று நேரம் கழித்து, “முதுகு வலி சுத்தமாவே போயிடுச்சாமா?” என்று கேட்டுவிட்டு, சுக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அடுப்படிக்குப் போனார்.

அமிர்தலிங்கம் பின்னாலேயே போனார். உரலடியில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“வல்லி, இந்தத் தடவ கொஞ்சம் கெட்டியாவே கிண்டு.”

பொருளுக்குக் கட்டம் தேடுவதை விட்டு, கட்டத்துக்குப் பொருளைக் கிண்டச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் வாழ்நாளில் தயிரைக் கவிழ்த்துப் பார்த்தவர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டீர்களே, அவர் சொன்னதும், “அங்க எந்தத் தெரு?” என்று இன்னொரு கேள்வி போட்டீர்களே, அது என்ன சோதனை? பதில் வந்த பிறகுதானே நாற்காலியைக் காட்டினீர்கள்? மகன் காதலிக்கிற பெண்ணை, கல்லூரியில் மருமகன் எடுத்த பாடத்தை, கூட்டத்தில் கை தட்டாமல் உட்கார்ந்திருந்த மனிதரை எல்லாம் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று முப்பது எண்ணுவதற்குள் முடிவு செய்துவிடுகிறீர்களே? அமிர்தலிங்கமாவது 33 பொருளை நிலுவையில் வைத்தார். உங்கள் நோட்டில் நிலுவை என்று ஒரு கட்டம் உண்டா?

போகட்டும். நான் அந்த இனம் இல்லவே இல்லை என்று இன்னமும் சொல்கிறவருக்கு ஒரே ஒரு சோதனை. இதில் வந்த தேதிகளில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதைக் கவனிக்காமல் வந்தவர்கள் இங்கேயே விடைபெற்றுக்கொள்ளலாம். கடைசிக் கடிதம் என்றைக்கு வந்தது என்று சொல்லவே இல்லையே என்று நாலு பத்தியாக மனசுக்குள் உறுத்திக்கொண்டிருப்பவர் மட்டும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குறித்துக்கொள்ளவும்.

6.2.2025, வியாழக்கிழமை.